மூன்று பாய் அறையும் ஒரு சாவியும்

1997 நவம்பர் 4

தோகி அக்காவுக்கு,

இங்கே இன்னும் பனி விழவில்லை, குளிர் மட்டும் வந்துவிட்டது. கடிதம் என்றால் பருவத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று உங்கள் தம்பி சொல்வார். சொல்லிவிட்டேன்.

போனில் பேசலாம்தான். போனில் நீங்கள் வெட்டி வெட்டிப் பேசுவீர்கள், நான் அழுதுவிடுவேன். தாளில் அழுதால் உங்களுக்குத் தெரியாது. சீனத்திலிருந்து வந்த அந்தக் கடினமான எழுத்துகள் எனக்கு வராது. குழந்தைகள் எழுதுகிற எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

அவரைத் தகனம் செய்த அன்று நீங்கள் சீக்கிரம் பஸ் ஏறிவிட்டீர்கள். அதன் பிறகு வேட்டைச் சங்கத் தலைவர் குவாபாரா வந்தார். உங்கள் தம்பி இவாவோவின் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு, தேநீர் ஆறும் முன்னே விஷயத்துக்கு வந்தார்.

"அந்த இரட்டைக்குழலை என் பேருக்கு மாத்திடும்மா. பொம்பளை இருக்கிற வீட்டுல துப்பாக்கி எதுக்கு?"

"முப்பத்தோரு வருஷமா இந்த வீட்டுல பொம்பளை இருந்தா, துப்பாக்கியும் இருந்துச்சு. ரெண்டும் சண்டை போட்டுக்கலையே"ன்னு சொன்னேன்.

அவர் அதற்கும் சிரித்தார்.

போலீஸ் சாவடி செனோ சொன்னபடி, உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் துப்பாக்கியை ஐம்பது நாளுக்குள் வேறு உரிமக்காரருக்கோ கடைக்கோ ஒப்படைத்துவிட வேண்டும். உங்கள் தம்பி எலும்பாக இந்த வீட்டில் இருக்கப்போவது நாற்பத்தொன்பது நாள். பிறகு எலும்பைக் கல்லறைக்குக் கொண்டுபோய்விடுவோம். துப்பாக்கிக்கு அவரைவிட ஒரு நாள் கூடுதல் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் எடுத்துக் கொடுக்கக்கூட முடியவில்லை. படுக்கையறை அலமாரிக்குள் இருக்கும் இரும்புப் பெட்டியின் சாவி எங்கே என்று எனக்குத் தெரியாது. சாவி இருக்கும் இடம் குடும்பத்தாருக்குக்கூடத் தெரியக்கூடாது என்று துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதிப் பேர் மனைவியிடம் சொல்லிவிடுவார்கள். உங்கள் தம்பி சொல்லவில்லை. நாவிதர் யனாசேயின் நாற்காலியில் பாதி முகத்துச் சோப்புடன் அவர் தலை சாய்ந்தபோது சாவி எங்கே இருந்ததோ, அங்கேயேதான் இப்போதும் இருக்கிறது.

நான் முடிவு செய்துவிட்டேன். துப்பாக்கியைக் குவாபாராவுக்குக் கொடுக்கமாட்டேன். உரிமம் என் பெயரில் எடுக்கப்போகிறேன். அதுவரை நகரத்துத் துப்பாக்கிக் கடையில் வைத்திருப்பார்களாம். சமையலறைக்குப் பின்னால், தரையில் மூன்று பாய் மட்டும் கொள்ளும் சின்ன அறை இருக்கிறதே, அந்த மூன்று பாய் அறையைத் துப்பாக்கி அறையாக்கப்போகிறேன்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இவாவோ சின்ன வயதில் பொருள்களை எங்கே ஒளித்துவைப்பார்?

கினுயோ


நவம்பர் 9

கினுயோவுக்கு,

இலையுதிர் காலம் ஆழமாகி வரும் இந்நாளில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முறைக்கு எழுதுவதற்கு இவ்வளவு போதும்.

உனக்கு ஐம்பத்தாறு வயது. நாலாம் வகுப்பில் நின்றவள். உரிமத் தேர்வுக்கு எழுத்துத்தாள் உண்டு என்று யாராவது சொன்னார்களா? அது என் அப்பாவின் துப்பாக்கி. அப்பாவிடமிருந்து தம்பிக்குப் போனது. தம்பிக்குப் பிள்ளையில்லை, அதோடு அது முடிந்தது. குவாபாரா நல்ல வேட்டைக்காரன். அவனிடம் கொடுத்துவிடு. காட்டுப்பன்றி உன் நிலத்தில் இறங்கினால் அவன் வந்து சுடுவான். உனக்கு வேறென்ன வேண்டும்?

அந்த மூன்று பாய் அறை என் அறை. கல்யாணமாகி ஓசாகாவுக்கு வரும் வரைக்கும் நான் படுத்த இடம். அதில் ஆணி அடிக்க உனக்கு உரிமையில்லை.

இவாவோ எதையும் ஒளிக்கமாட்டான். மறைக்கத் தெரியாதவன். அவனுக்கு வேண்டியதையெல்லாம் மற்றவர்களே அவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தோகி


நவம்பர் 16

தோகி அக்காவுக்கு,

நேற்று வேட்டைப் பருவம் தொடங்கியது. விடிந்ததும் மலையில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் 'இது அவருடையது, இது அவருடையது இல்லை' என்று முப்பத்தோரு வருஷம் சொல்லிப் பழகியவள் நான். நேற்று எல்லாமே 'இல்லை'யாக இருந்தது.

நாலாம் வகுப்பு என்றீர்கள். ஆமாம். என் அப்பா கரி சுடுபவர். சூளைக்கு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு அதில் வெட்கம் இல்லை. உங்களுக்குத்தான் முப்பத்தோரு வருஷமாக அது வெட்கமாக இருக்கிறது. கல்யாணமான மாதம் நீங்கள் உங்கள் தம்பிக்கு எழுதிய கடிதத்தை அவர் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கி, "பெயர்கூட எழுதத் தெரியாத மருமகள்" என்ற இடத்தில் நிறுத்தினார். அன்றே சொன்னேன், இனி உங்கள் கடிதத்தைத் தொடமாட்டேன் என்று. தொடவும் இல்லை. வந்ததெல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. இப்போது என் பெயருக்கு வருவதால் படிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

துப்பாக்கி துடைக்கும் எண்ணெயின் நாற்றம் எனக்கு ஆகாது. சோற்றில் ஏறுகிறது என்று கத்துவேன். அதனால் அவர் சமையலறைப் பின்கட்டில், மண்தரையில், செய்தித்தாள் விரித்துக் குந்தி உட்கார்ந்து துடைப்பார். முப்பத்தோரு குளிர்காலம். விரல் விறைத்துப்போய், வாயால் ஊதி ஊதித் துடைப்பார். பக்கத்திலேயே மூன்று பாய் அறை சும்மா கிடந்தது. உங்கள் அறை என்று அவரும் அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. உங்களுக்கு மரியாதை, அவருக்கு மண்தரை. இனி அப்படி இருக்காது. அந்த அறையில் வெதுவெதுப்பாக ஒருவர் உட்கார்ந்து துப்பாக்கி துடைக்கப்போகிறார். அவருக்கு முடியாமல் போனது. எனக்கு முடியும்.

சன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டேன். சாலையில் போகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியக்கூடாதாம். தச்சர் வந்து நடுத்தூண் சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். இரும்புப் பெட்டியை அந்தத் தூணோடு உள்ளிருந்து திருகாணி போட்டு இறுக்க வேண்டும். யாரும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

நாற்காலியும் வந்துவிட்டது. யனாசேயின் கடை நாற்காலி. உங்கள் தம்பி போனதிலிருந்து அதில் ஒருவரும் உட்காரமாட்டேன் என்கிறார்களாம்.

"எடுத்துப் போறீங்களா அம்மா, இல்ல ஒடைச்சுப் போடட்டுமா?"ன்னு யனாசே கேட்டார்.

"ஒடைக்கிறதா? சாயுமா அது?"

"சாயும். ஏறும், இறங்கும், சுத்தும். எல்லாம் செய்யும்."

"அப்ப என் வண்டியில ஏத்துங்க."

சின்ன லாரியில் அதைக் கட்டிக்கொண்டு ஊர் நடுவே ஓட்டி வந்தேன். பார்த்தவர்கள் தலை குனிந்தார்கள், பிணம் போவதுபோல. நான் ஹாரன் அடித்தேன்.

கினுயோ


நவம்பர் 29

கினுயோவுக்கு,

என் தம்பி உயிர் விட்ட நாற்காலியை என் அறையில் போட்டிருக்கிறாய். ஹாரன் வேறு.

நாற்பத்தொன்பதாம் நாளுக்கு நான் வரமாட்டேன். முழங்கால் வலி என்று ஊரில் சொல்லிக்கொள். பூ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

செனோ இரும்புப் பெட்டியை அறுத்துத் திறக்கட்டும். குவாபாரா எடுத்துப் போகட்டும். இதுதான் என் கடைசி வார்த்தை.

தோகி


டிசம்பர் 8

தோகி அக்காவுக்கு,

உங்கள் கடைசி வார்த்தைதான் சாவியைக் கண்டுபிடித்தது.

நேற்று நாற்பத்தொன்பது. பூ வந்தது, நன்றாக இருந்தது. எலும்பைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். இன்று காலை ஒன்பது மணிக்குச் செனோவும் இரும்பு அறுக்கிற ஆளும் வருவதாக ஏற்பாடு. நேற்றுக் காலை விருந்தாளிகள் வரும் முன் வீட்டை ஒழுங்கு செய்யும்போது, மேசையில் கிடந்த உங்கள் இரண்டு கடிதங்களையும் எங்கே போடுவது என்று பார்த்தேன். உங்கள் கடிதத்துக்கு இந்த வீட்டில் ஒரே இடம்தான். புத்தர் மாடத்துக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னை எடுத்தேன்.

மூடியைத் திறந்ததும் எண்ணெய் நாற்றம்.

அந்த நாற்றத்தை எங்கே இருந்தாலும் என் மூக்கு பிடிக்கும். முப்பத்தோரு வருஷத்துக் கடிதங்களை வெளியே எடுத்தேன். அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி, சாவி.

வீட்டில் நான் கை வைக்காத இடம் எது என்று அவர் யோசித்திருக்கிறார். அரிசிப் பெட்டி, ஊறுகாய்ச் சாடி, அவருடைய சட்டைப் பை, தையல் பெட்டி, எல்லாவற்றிலும் என் கை போகும். உங்கள் கடிதங்களில் மட்டும் போகாது. உங்கள் கோபத்தையும் என் ரோஷத்தையும் சேர்த்துப் பூட்டாக்கிவிட்டார். மறைக்கத் தெரியாதவன் என்றீர்களே.

தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன். இது தாளில் உங்களுக்குத் தெரியட்டும்.

இன்று செனோ வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. துப்பாக்கியில் நான் கை வைக்கவில்லை. அறுக்க வந்த ஆள் முகம் தொங்கிப்போயிற்று. குவாபாராவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"சாவி எங்கம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டார்.

"சொல்லக்கூடாதாமே. சங்கத் தலைவருக்குத் தெரியாதா?"

துப்பாக்கியை நகரத்துக் கடைக்காரர் எடுத்துப் போய்விட்டார், என் பெயரில் உரிமம் வரும் வரைக்கும் அங்கே இருக்கும். ஜனவரி கடைசியில் தேர்வு.

இன்னொன்று. மறைக்க எனக்கு வராது. கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். எழுத்துக்கூட்டி, நேற்று இரவும் இன்று பகலும் ஆனது. என்னைப் பற்றித் திட்டுகள் இருந்தன, நான் நினைத்ததைவிடக் குறைவு. 1968இல் எழுதியதில் ஒரு வரி இருக்கிறது: "அப்பாவின் துப்பாக்கியால் முதல் காட்டுச் சேவலைச் சுட்டது யார் என்று உன் மனைவியிடம் சொன்னாயா?"

அவர் சொல்லவில்லை. அது யார்?

கினுயோ


டிசம்பர் 15

கினுயோவுக்கு,

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பவளிடம் என்ன பேசுவது?

நான்தான். எனக்குப் பதினைந்து வயது, அவனுக்குப் பதினொன்று. அப்பாவுக்குக் காய்ச்சல். கதிரில் சேவல் இறங்கியது. சுவரில் மாட்டியிருந்ததை எடுத்துக்கொண்டு போனேன். ஒரே குண்டு. அந்தக் காலத்தில் பெட்டியும் பூட்டும் ஏது?

அப்பா ஊரில் எல்லோரிடமும் இவாவோ சுட்டான் என்று சொன்னார். பதினொரு வயதுப் பையன் என்று எல்லோரும் தலையில் தட்டிப் பாராட்டினார்கள். என்னை மூன்று நாள் அந்த மூன்று பாய் அறையில் வெளியே தாழ்போட்டு வைத்தார், யாரிடமும் உளறக்கூடாது என்பதற்காக. இவாவோ கதவிடுக்கில் உருளைக்கிழங்கு தள்ளிவிடுவான். சேவல் இறைச்சியில் எனக்குப் பங்கு வரவில்லை.

இனி அந்த அறையைப் பற்றி நீ என்னிடம் கேட்க வேண்டாம்.

தோகி


1998 பிப்ரவரி 2

தோகி அக்காவுக்கு,

பனி கூரை வரைக்கும் கிடக்கிறது. தேர்வில் தோற்றுவிட்டேன். ஒரே ஒரு மதிப்பெண்ணில்.

ஐம்பது கேள்வி. சரி என்றால் வட்டம், தப்பு என்றால் பெருக்கல் குறி. எல்லாம் கடினமான எழுத்து. எனக்குத் தெரிந்த எழுத்துகளை வைத்து மீதியை ஊகித்தேன். பல இடத்தில் ஊகம் சரியாகத்தான் இருந்தது. முப்பத்தோரு வருஷம் அவர் செய்ததைப் பார்த்தவள்தானே. தோட்டா ஒரு பெட்டியில், துப்பாக்கி வேறு பெட்டியில், இரண்டும் வீட்டின் வேறு வேறு முனையில். துடைக்கும் முன் குழலில் எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் எழுத்தே தேவையில்லை.

முப்பத்தேழாம் கேள்வி இது. இதை மட்டும் முழுசாகப் படிக்க முடிந்தது: "அவசரத்துக்கு உதவும் என்பதால், பெட்டிச் சாவி இருக்கும் இடத்தை மனைவியிடம் சொல்லிவைக்கலாம்."

நான் வட்டமும் போடவில்லை, பெருக்கலும் போடவில்லை. ஓரத்தில் "சொல்லியிருக்கலாம்" என்று எழுதிவிட்டு வந்தேன்.

அந்த ஒரு மதிப்பெண்தான்.

முடிவு அறிவித்தபோது குவாபாராவின் மச்சான் பின்னால் இருந்து, "சமையல் புத்தகம்னு நெனைச்சு வந்துட்டாங்க போல"ன்னான். நான் திரும்பி, "சமையல் பரீட்சைன்னா நீதான் தோத்திருப்பே"ன்னேன். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் என் பக்கம் நின்று இல்லை.

ஏப்ரலில் மறுபடி தேர்வு இருக்கிறது. எழுதுவேன். அதிலும் தோற்றால் அடுத்ததையும் எழுதுவேன். துப்பாக்கிக் கடைக்காரர் சலித்துப்போகும் வரைக்கும் எழுதுவேன். உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

கினுயோ


பிப்ரவரி 6

பாடப்புத்தகத்தை அனுப்பு. உடனே.

தோகி


மார்ச் 3

கினுயோவுக்கு,

புத்தகம் திரும்பி வருகிறது. நூற்று நாற்பது பக்கத்திலும் கடினமான எழுத்து ஒவ்வொன்றின் மேலும் உச்சரிப்பைப் பென்சிலால் சின்னதாக எழுதியிருக்கிறேன். பென்சில் ஏன் என்றால், நீ கற்றுக்கொண்ட பிறகு அழித்துக்கொள். அழிக்க அழிக்கத்தான் படித்தாய் என்று பொருள்.

கண்ணாடி மாற்ற வேண்டியதாயிற்று. உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. குவாபாராவின் மச்சான் என்னுடன் பள்ளியில் படித்தவன். அவனுக்கு அன்றைக்கே எழுத்து வராது.

முப்பத்தேழாம் கேள்விக்குப் பெருக்கல் போடு.

தோகி


ஏப்ரல் 26

தோகி அக்காவுக்கு,

செர்ரிப் பூ உதிர்ந்து வயல் வரப்பெல்லாம் கிடக்கிறது. தேர்வில் தேறிவிட்டேன்.

நாற்பத்தெட்டு. புத்தகத்தில் இன்னும் பதினொரு பக்கத்துப் பென்சில் அழியவில்லை, அவை மட்டும் எனக்கு வரவே மாட்டேன் என்கின்றன. அதே கேள்வி வேறு எண்ணில் மறுபடி வந்தது. பெருக்கல் போட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. பென்சிலை வைத்துவிட்டு நன்றாக யோசித்தேன். அவர் சொல்லியிருந்தால் நான் என்றாவது ஒரு கோபத்தில் அந்தச் சாவியை ஆற்றில் எறிந்திருப்பேன். அவருக்கு என்னைத் தெரியும். அவர் பக்கம் நின்று பெருக்கல் போட்டேன்.

பிறகு சுடும் பயிற்சி. பறக்கும் மண்தட்டைச் சுட வேண்டும். முதல் குண்டில் தோளில் அடித்த அடி இன்னும் நீலமாக இருக்கிறது. இருபத்தைந்தில் நான்கு தட்டு உடைந்தது. பயிற்சிக்காரர், "இரண்டு உடைஞ்சா போதும். ஆனா தட்டைத் திட்டாதீங்கம்மா"ன்னார். நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன் போல.

செனோ என் அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். நான் கோபக்காரியா, குடிப்பேனா, யாரிடமாவது பகையா என்று. எதிர் வீட்டு ஹரடா அம்மா அதை என்னிடம் அப்படியே சொன்னாள்.

"கோபக்காரிதான்னு சொல்லிட்டேன் கினுயோ. மறைக்கக்கூடாதாமே."

"பாவி. என்ன சொன்னே?"

"ஒரே ஒருத்தர்மேலதான் கோபம், அவங்க ஓசாகாவுல இருக்காங்க, துப்பாக்கி அவ்வளவு தூரம் எட்டாதுன்னு சொன்னேன்."

செனோ அதை எழுதிக்கொள்ளவில்லையாம்.

அறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெட்டி தூணோடு இறுகிவிட்டது. கதவுக்கு இரண்டு பூட்டு. தரையில் புதுப் பாய். மூலையில் சின்ன அடுப்பு. நாற்காலிக்கு எதிரே விளக்கும், துடைக்கும் துணி வைக்க ஒரு பலகையும். ஈரம் ஏறாமல் இருக்கக் கரி மூட்டை வைத்திருக்கிறேன், என் அப்பா சுட்டது போன்ற நல்ல கரி. மே பத்தாம் தேதி செனோவும் மேலிடத்து அதிகாரியும் பார்க்க வருகிறார்கள். அந்த அதிகாரி சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பாராம். அவர் வேண்டாம் என்றால் எல்லாம் வீண். துப்பாக்கியைக் குவாபாராவுக்குக் கொடுக்கச் சொல்லிக் கடைக்காரரும் கேட்கத் தொடங்கிவிட்டார்.

அந்த அறையைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்றீர்கள். நான் கேட்கவில்லை.

கினுயோ


ஏப்ரல் 30

கினுயோவுக்கு,

வடக்குச் சுவரில், தரையிலிருந்து மூன்றாவது பலகை. இடது ஓரத்தில் ஆணி இருப்பதுபோல் தெரியும், தலை மட்டும்தான் இருக்கிறது. உள்ளே தள்ளி வலப்பக்கம் இழுத்தால் முழுப் பலகையும் நகரும். ஒரு ஆள் போகலாம். மெலிந்த ஆள்.

அப்பா தாழ்போட்டு வைத்தது மூன்று நாள். நான் உள்ளே இருந்தது ஒரு நாள்தான். மீதி இரண்டு நாளும் பகலில் மலையில் இருந்துவிட்டு, அவர் கதவைத் திறக்கும் நேரத்துக்கு உள்ளே வந்து அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். இவாவோவுக்குத் தெரியும். வெளியே நின்று பலகையைப் பிடித்துக்கொள்வான். உயிர் போகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை பார். உன்னிடம்கூட.

ஐம்பத்தோரு வருஷமாக அந்த வழி எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்தது. அடைத்துவிடு. உள்ளேயும் வெளியேயும் இரும்புத்தகடு வைத்து அடி. அரைகுறையாக அடித்தால் அந்த அதிகாரி கண்டுபிடிக்காவிட்டாலும் நான் கண்டுபிடிப்பேன்.

நான் பார்க்க வருகிறேன். உன்னைப் பார்க்க இல்லை, பலகையைப் பார்க்க.

தோகி


ஜூன் 21

தோகி அக்காவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. நீங்கள் ஓசாகா போய்ச் சேர்ந்து முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கி. பதினெட்டாம் தேதி உரிமம் வந்தது, கினுயோ என்று என் பெயர் போட்டு. கடையிலிருந்து எடுத்து, போலீஸ் நிலையத்தில் குழல் நீளமும் எண்ணும் சரிபார்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உறையில் போட்டுப் பக்கத்து இருக்கையில் வைத்து ஓட்டி வந்தேன். இந்த முறை ஹாரன் அடிக்கவில்லை. உள்ளே கொண்டுபோய், குழலை இரண்டு தடவை பார்த்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து துடைத்தேன். எண்ணெய் நாற்றம் அறை முழுக்க ஏறியது. கதவைத் திறந்துதான் வைத்தேன், வீடெல்லாம் பரவட்டும் என்று. அன்று சோற்றில் அந்த நாற்றம் இருந்தது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

அதிகாரி மே பத்தாம் தேதி மூன்றாம் பலகையைக் கைமுட்டியால் தட்டி, "இங்க மட்டும் ஏன் ரெண்டு பக்கமும் இரும்பு?"ன்னு கேட்டது நினைவிருக்கிறதா? நீங்கள் நாற்காலியில் இருந்தபடியே, "ஏன்னா இது வழியா ஆள் வந்து போயிருக்காங்க"ன்னு சொன்னதும் அவர் முகம் போன போக்கு! செனோ இப்போதும் சாவடியில் அதைச் சொல்லிச் சிரிக்கிறாராம்.

அன்று மாலை குவாபாரா வந்து, வழக்கம்போல இவாவோவின் பெருமையில் தொடங்கினாரே. அதை நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே ஹரடா அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். குவாபாராவாக நின்று கையை ஆட்டி,

"பதினொரு வயசுல சேவலைச் சுட்டவன்மா உன் வீட்டுக்காரன். அந்தக் கைக்குச் சொந்தமான துப்பாக்கி இது. உன்னை மாதிரி ஆளு தொடலாமா?"ன்னேன்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, உங்களை மாதிரியே பாதி சுற்றித் திரும்பி, அவருடைய சின்ன வயதுப் பெயரைச் சொல்லி,

"டேய் மசா. சுட்டது நான்டா."

"யாரு, நீங்களா?"

"உன் அப்பன் வரப்புல நின்னு பாத்தான். என் அப்பன் காலைப் பிடிச்சதால வாயை மூடிக்கிட்டான். போய் அவன் கல்லறையில கேளு. என் அப்பனுக்கப்புறம் இந்தத் துப்பாக்கிய முதல்ல தொட்டது பொம்பளை, இப்பத் தொடுறதும் பொம்பளை. நடுவுல என் தம்பி கொஞ்ச நாள் பாத்துக்கிட்டான்."

ஹரடா அம்மா கண்ணீர் வரச் சிரித்தாள். இப்போது ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை. நேற்றுக் கடையில் குவாபாரா என்னைப் பார்த்து, "பருவம் தொடங்கினா சங்கத்துல ஒரு இடம் காலி இருக்கு"ன்னு முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "இவாவோ இடமா?"ன்னேன். "ஆமா." "அது காலியா இல்லை"ன்னு சொல்லிவிட்டு வந்தேன். வேட்டை உரிமத்துக்குத் தனித் தேர்வு இருக்கிறது. அந்தப் புத்தகத்தையும் அனுப்புகிறேன். பென்சிலைச் சீவி வையுங்கள்.

நீங்கள் அன்று ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள், வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அடுத்த முறையும் அப்படியே உட்காரலாம். அறை உங்களுடையதுதான். துப்பாக்கி மட்டும் என்னுடையது. பெட்டியைத் திறக்கச் சொல்லக்கூடாது. கேட்டாலும் திறக்கமாட்டேன். சட்டம் அது.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கே வைத்திருக்கிறேன் என்று செனோவுக்கே சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டேன். ஆனால் எங்கே இல்லை என்று சொல்லலாம். பிஸ்கட் டின்னில் இல்லை. உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் நான் அதைத் திறக்கிறேன், பழையதையும் எடுத்துப் படிக்கிறேன். என் கை தினமும் போய் வருகிற இடம் அது. இனி அங்கே சாவி வைக்க முடியாது.

கினுயோ